ஆறு கேட்கும் கணக்கு

(வானொலி மறையுரை – பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு)



திருவழிபாட்டு ஆண்டு முடியப் போகிறது. அடுத்த ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. அதற்கடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிடும். ஆண்டு முடிவில் கடைக்காரர் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரவு என்ன, செலவு என்ன, பாக்கி எவ்வளவு என்று பார்ப்பதுபோல, நாமும் நம் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று திரு அவை இந்த நாள்களில் நம்மை அழைக்கிறது. அதற்கென்றே தேர்ந்தெடுத்ததுபோல் இன்றைய நற்செய்தி அமைந்திருக்கிறது. பயணம் புறப்பட்ட தலைவர் தம் பணியாளர் மூவரிடம் தாலந்துகளை ஒப்படைத்துச் செல்கிறார். நெடுநாள் கழித்துத் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார். மத்தேயு நற்செய்தி 25ஆம் பிரிவில் இதை வாசிக்கிறோம்.

தாலந்து என்பது முதலில் ஓர் எடையின் பெயர். பிறகு அந்த எடையுள்ள வெள்ளிக்கும் அதுவே பெயராயிற்று. ஒரு தாலந்து 6,000 தெனாரியத்துக்குச் சமம். அக்காலத்தில் கூலியாள் ஒருவர் ஒரு நாள் முழுதும் உழைத்துப் பெறுவது ஒரு தெனாரியம். அப்படியானால் ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்பு. ஒரேயொரு தாலந்து பெற்றவரும் குறைவாகப் பெறவில்லை. பின்னாளில், இந்த உவமையின் வழியாகவே, ஆங்கிலத்தில் திறமையைக் குறிக்க ‘டாலன்ட்’ என்ற சொல் பிறந்தது. ஆக, ஒரே சொல்லுக்குள் பணமும் இருக்கிறது, மனிதரின் திறமையும் இருக்கிறது.

பொருளியல் அறிஞர்கள் இந்த இரண்டையும் தனித்தனியே பெயரிட்டுச் சொல்வார்கள். தொழிலில் போடும் பணம் முதலீடு. மனிதருக்குள் இருக்கும் படிப்பு, கைத்தொழில், உடல்நலம், அனுபவம் ஆகியவை மனித மூலதனம். இந்த இரண்டு தாலந்துகளும் சேரும் இடத்தில் மண்ணும் நீரும் காற்றும் வாழ்கின்றனவா, வாடுகின்றனவா? இன்று இதைத்தான் நாம் சேர்ந்து சிந்திக்கப் போகிறோம்.

இன்றைய முதல் வாசகம் நீதிமொழிகள் நூலிலிருந்து வருகிறது. அங்கே ஒரு பெண்ணைப் பார்க்கிறோம். கம்பளியும் ஆளிநாரும் தேடிக் கொணர்ந்து, தன் கையாலேயே நூல் நூற்கிறார். நூல் நூற்ற அதே கையை ஏழைக்கும் நீட்டுகிறார். தொழில் தெரிந்த கை, இரக்கம் தெரிந்த கை இரண்டும் அவரிடம் ஒன்றாகவே இருக்கின்றன. நூலும் துணியும் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருகிற ஊர் திருப்பூர். அங்கே போய் அந்த இரண்டு கைகளும் சேர்ந்திருந்தனவா என்று பார்ப்போம்.

நொய்யல் ஆறு கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. 1980களில் தொடங்கி, பின்னலாடை ஏற்றுமதியால் திருப்பூர் வேகமாக வளர்ந்தது. பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் போய்ச் சேர்ந்தார்கள். சனிக்கிழமை மாலை கையில் வாரக்கூலி வந்தது. பல வீடுகளில் அடுப்பு எரிந்ததும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அந்தக் கூலியால்தான். அந்த நன்மையை நாம் மறுக்கக் கூடாது. உவமையில் வரும் முதல் பணியாளரைப்போல அந்த ஊர் தன்னிடம் இருந்ததைப் பலமடங்காகப் பெருக்கியது.

ஆனால், துணிக்குச் சாயம் ஏற்ற நிறையத் தண்ணீர் வேண்டும். பருத்தியில் சாயம் பிடிக்க நிறைய உப்பும் வேண்டும். சாயம் துணியில் தங்கிவிடும். உப்போ தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் வேறு சில இரசாயனங்களும் போட்டால் கழிவுநீரின் நிறம் பெருமளவு போய்விடும். கண்ணுக்குத் தண்ணீர் தெளிந்ததுபோல் தெரியும். ஆனால் கரைந்திருக்கும் உப்பு அப்படியே இருக்கும். அந்த நீர் ஆண்டுக்கணக்காக நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டி, 1992இல் முடிக்கப்பட்ட அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அணை நீர் வேண்டும் என்று கேட்டிருந்த உழவர்களே, அந்த நீரை எங்கள் பக்கம் திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்புக் கரித்தன. பயிர் பிடிக்கவில்லை.

இங்கே உவமையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம், நேயர்களே. மூன்றாம் பணியாளர் தாலந்தை மண்ணில் புதைத்தார். அது குற்றமாயிற்று. நொய்யல் கரையில் நடந்தது என்ன? இலாபத்தை யாரும் புதைக்கவில்லை, அது வங்கிக்குப் போயிற்று. நட்டம்தான் மண்ணில் புதைக்கப்பட்டது, அதுவும் அடுத்தவர் மண்ணில். ஏற்றுமதிக் கணக்கில் நூலின் விலை இருந்தது, சாயத்தின் விலை இருந்தது, கூலியும் இருந்தது. கெட்டுப்போன கிணற்றின் விலை எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. நட்டத்தை எழுதாத பேரேட்டில் இலாபம் பெரிதாகத்தானே தெரியும்?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில் இதைத் தெளிவாகச் சொல்கிறார். எல்லாருக்கும் பொதுவான இயற்கை வளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அதற்கான செலவைத் தாங்களே முழுமையாக ஏற்க வேண்டும், பிறர் தலையிலோ வரும் தலைமுறையின் தலையிலோ அதைச் சுமத்தினால் அந்தத் தொழிலை அறநெறியுள்ள தொழில் என்று சொல்ல முடியாது என்பது அவர் தரும் படிப்பினை.

“முதலில் வசதியாகிக்கொள்வோம், ஆற்றைப் பிறகு கழுவிக்கொள்வோம்” என்று சொல்கிறவர்கள் உண்டு. நாடு ஏழையாக இருக்கும்போது மாசு கூடும், வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் மாசு தானாகக் குறையும் என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்வார்கள். ஆனால் நொய்யலில் எதுவும் தானாக நடக்கவில்லை. பாசன உழவர்கள் சங்கமாகக் கூடி நீதிமன்றப் படியேறினார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று தண்டத்தொகை விதித்தது. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழாதபடி சுத்திகரிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நெடுநாள் கழித்துத் தலைவர் திரும்பி வந்து கணக்குக் கேட்டதுபோல் அது இருந்தது.

அந்த நாளில் யாருக்கு வலித்தது? பட்டறை முதலாளிகளுக்கு மட்டுமல்ல. சாயத்தொட்டி அருகே நின்றவர்களுக்கும், மூட்டை சுமந்தவர்களுக்கும், அவர்களை நம்பி தேநீர்க் கடை வைத்திருந்தவர்களுக்கும் பிழைப்பு போயிற்று. சிலர் சாயமிடும் வேலையை மறைவாகப் பக்கத்து மாவட்டங்களுக்குக் கொண்டுபோனதாகவும் செய்திகள் வந்தன. ஓர் ஆறு தப்பிக்க இன்னோர் ஆறு கெடுவதா? இன்று, வறியோரின் உலக நாளில், இதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். ஆறு கெட்டபோதும் ஏழைதான் முதலில் இழந்தார். பட்டறை மூடியபோதும் ஏழைதான் முதலில் இழந்தார். நேரத்தோடு செய்யவேண்டிய முதலீட்டைத் தள்ளிப்போட்டால், அதற்கு வட்டி கட்டுகிறவர் அவர்தான்.

பிறகு முதலீடு வந்தது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் சீரமைக்கப்பட்டு, படிப்படியாகப் பட்டறைகள் மீண்டும் திறந்தன. அங்கே நடப்பதைச் சற்றே சொல்கிறோம். கழிவுநீர் முதலில் பெரிய தொட்டியில் சேர்ந்து சமநிலைக்கு வரும். அடுத்து, நுண்ணுயிர்கள் அதிலுள்ள கழிவைத் தின்று தீர்க்கும். பிறகு மெல்லிய சவ்வுகள் வழியாக அழுத்தத்தோடு நீர் செலுத்தப்படும். நம் வீடுகளில் ஆர்.ஓ. என்று சொல்கிறோமே, அதுதான், ஆனால் மிகப் பெரிய அளவில். நல்ல நீர் மீண்டும் சாயப்பட்டறைக்கே போகும். எஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பை எடுப்பார்கள், அந்த உப்பும் மீண்டும் சாயத்தொட்டிக்குப் போகும். முன்பு ஆற்றைக் கொன்ற உப்பு இப்போது பட்டறையிலேயே பயன்படுகிறது. இதையும் தாலந்தைப் பெருக்குவது என்றே சொல்லலாம்.

இது பணத்தால் மட்டும் நடக்கிறதா? இல்லை. அந்த நுண்ணுயிர்களுக்குக் காற்றும் உணவும் அளவாகக் கிடைக்க வேண்டும். திடீரென்று அமிலமோ காரமோ ஏறினால் செத்துவிடும், மறுபடி வளர்த்தெடுக்கப் பல நாள்கள் ஆகும். சவ்வுகள் அடைத்துக்கொள்ளும், உரிய நேரத்தில் கழுவ வேண்டும். காய்ச்சும் கலத்துக்கு எரிபொருள் ஏராளமாகச் செலவாகும். அளவுக் கருவியைப் பார்த்து, “இன்று ஏதோ சரியில்லை” என்று புரிந்துகொள்ளும் கண் ஒன்று அங்கே இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். மழை கொட்டுகிற இரவில் குழாயைத் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது, செலவும் மிச்சம். “திறக்கமாட்டேன்” என்று சொல்ல அந்தத் தொழிலாளிக்கு மனம் வேண்டும். அப்படிச் சொன்னதற்காக மறுநாள் வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும். கோடிக்கணக்கில் போட்ட முதலீடு கடைசியில் அந்த ஒருவரின் அறிவையும் மனச்சான்றையும் நம்பித்தான் நிற்கிறது.

அந்த அறிவு கிடைக்காதபோது என்ன ஆகிறது என்பதையும் நாம் அறிவோம். கழிவுத் தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழுந்தார், அவரைத் தூக்க இறங்கியவரும் இறந்தார் என்ற செய்தியை எத்தனை முறை நாளிதழில் படித்திருக்கிறோம்! அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டைபோல் நாறும். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. இதைக் கற்றவர், நாற்றம் நின்றதும் அஞ்சி விலகுவார். கற்றுத்தரப்படாதவர், நாற்றம் போய்விட்டது என்று நம்பி உள்ளே இறங்குவார். சில மணி நேரப் பயிற்சி ஓர் உயிரின் விலை. அந்தப் பயிற்சிக்குச் செலவழிக்காமல் மிச்சப்படுத்திய பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில், தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஆற்றைக் காக்க எழுப்பிய நிலையமே அவர்களுக்குக் கல்லறையாயிற்று. கட்டடமும் இயந்திரமும் இருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பத்துப் பேரை மறக்கக் கூடாது. மனிதரைக் காக்காத முதலீடு மண்ணையும் காக்காது.

புனிதத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் எழுதிய சுற்றுமடலில், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று கற்பித்தார். 1991இல், முற்காலத்தில் நிலமும் பிறகு மூலதனமும் செல்வத்துக்கு அடிப்படையாக இருந்தன, இன்று மனிதரும் அவருடைய அறிவுமே அந்த இடத்தைப் பெற்று வருகின்றனர் என்றும் எழுதினார். திருத்தந்தை பிரான்சிசும், உடனடி இலாபத்துக்காக மனிதர்மீது செய்யும் முதலீட்டைக் கைவிடுவது சமூகத்துக்கே கெட்ட வியாபாரம் என்று எச்சரிக்கிறார்.

இதைக் கேட்கும்போது நம் நூற்பாலைகளில் வேலை செய்த பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்று ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் எத்தனையோ இளம்பெண்களை அழைத்துப்போனார்கள். பலருக்குப் படிப்பு பாதியில் நின்றது. பஞ்சுத்தூசி சிலருடைய நுரையீரலில் தங்கியது. முடியாமல் இடையில் வீடு திரும்பிய சிலருக்குச் சொன்ன தொகையும் கைக்கு வரவில்லை. ஆற்றிலிருந்து எடுத்துக்கொண்டு கழிவைத் திருப்பித் தந்த அதே மனநிலைதான் இங்கும் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் இளமையை எடுத்துக்கொண்டு களைப்பைத் திருப்பித் தந்தார்கள். பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் ஒன்றே என்று திரு அவை சொல்வது இதனால்தான். நீதிமொழிகள் நூலின் அந்தப் பெண் நூல் நூற்றதற்காகப் புகழப்பட்டார். நம் பிள்ளைகள் நூல் நூற்றதற்காக எதை இழந்தார்கள்?

நொய்யல் முழுவதும் நலம்பெற்றுவிட்டது என்று நாம் சொல்லவில்லை. நகரங்களின் சாக்கடை இன்னும் அதில் விழுகிறது. சுத்திகரிப்பு நிலையங்களில் பயன்படாத கலப்பு உப்பு குவிந்து கிடக்கிறது. ஆனாலும் ஒன்று விளங்கிவிட்டது. உழவர்கள் ஒன்று சேர்ந்து பேசியபோது, சட்டம் உறுதியாக நின்றபோது, பணம் சரியான இடத்தில் போடப்பட்டபோது, அறிவுள்ளவர்கள் அதை இயக்கியபோது, முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்தது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் தடுமாறும்.

அன்பார்ந்தவர்களே, இதெல்லாம் முதலாளிகளுக்கும் அரசுக்கும் உரிய பேச்சு, நமக்கென்ன என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஒரு தாலந்து பெற்றவரிடமும் கணக்குக் கேட்கப்பட்டதே! நம்மிடம் உள்ள தாலந்து எது?

நம் பிள்ளைகள் ஒரு தாலந்து. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாமா என்று நம் பங்கில் ஏதோ ஒரு வீட்டில் இந்த வாரமும் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த வீடு எது என்று அன்பியத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும். பங்குத் திருவிழாவில் ஒலி, ஒளி, வாணவேடிக்கைக்கு நாம் மனமுவந்து கொடுக்கிறோம். அதில் ஒரு பங்கை ஒதுக்கி ஒரு பிள்ளையைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்தால், பாதுகாவலரான புனிதர் கோபித்துக்கொள்ளமாட்டார். நாளை ஓர் ஆற்றைக் காக்கும் கண் அந்தப் பிள்ளையுடையதாக இருக்கலாம்.

நம் வேலை ஒரு தாலந்து. நம்மில் சாயப்பட்டறையில், தோல் கூடத்தில், அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறோம். தெரிந்ததை மறைக்காமல் சொல்வதும், கீழே வேலை செய்கிறவருக்குச் சொல்லித்தருவதும் நற்செய்திப் பணியே. நம்மில் சிறு தொழில் நடத்துகிறவர்களும் உண்டு. ஆள்களுக்கு முகக்கவசமும் பயிற்சியும் தருவதை வீண்செலவு என்று எண்ண வேண்டாம். நம் பேரேட்டில் ஒரு புதிய பத்தியைத் தொடங்கி, அதன் தலைப்பில் ‘அடுத்தவர் கிணறு’ என்று எழுதுவோம்.

நம் பையில் உள்ள பணமும் ஒரு தாலந்து. விலை மிகக் குறைந்த சட்டை ஒன்று கையில் கிடைக்கும்போது, இதில் எழுதப்படாத விலை எது, அதைக் கட்டியவர் யார் என்று ஒரு நொடி நினைப்போம். தேவைக்கு வாங்கி, நெடுநாள் உடுத்துவோம்.

தொடக்க நூலில் கடவுள் மனிதரைத் தோட்டத்தில் வைத்தது, அதைப் பண்படுத்தவும் காக்கவும்தான். பண்படுத்துவதற்கு முதலும் உழைப்பும் வேண்டும், காப்பதற்கு அறிவும் அன்பும் வேண்டும். ஒன்றை எடுத்து மற்றதை விட்டதால் வந்த வினையை நொய்யல் நமக்குக் காட்டிவிட்டது. தலைவர் வரும் நேரம் நமக்குத் தெரியாது. வந்ததும் எவ்வளவு சேர்த்தாய் என்று மட்டும் அவர் கேட்கமாட்டார். நான் உன்னை நம்பி விட்டுச்சென்ற ஆறு எங்கே, அதன் கரையில் இருந்த உன் சகோதரர் எங்கே என்றும் கேட்பார்.

மன்றாடுவோம். படைப்பின் ஆண்டவரே, எங்களை நம்பி நீர் ஒப்படைத்த மண்ணுக்கும் நீருக்கும் நன்றி. எங்கள் கைகளுக்குத் திறமையும், எங்கள் கணக்குகளுக்கு உண்மையும் தாரும். கழிவுக் கிடங்குகளிலும் தொட்டிகளிலும் உயிரிழந்த எம் சகோதரர்களுக்கு உம் இளைப்பாற்றியை அருளும். எங்கள் பிள்ளைகளை நாங்கள் எங்களிடமுள்ள மிகப் பெரிய செல்வமாகப் பேணச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.